கோந்துப் பனி

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டுவிட்டு எழுதலாம்தான். ஆனால் கேட்டால், "எந்தப் பக்கத்துல வரும், கூட யார் யார் பேரு கீது, அவுங்கள எல்லாம் கேட்டியாமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் இது எழுதி முடிகிற காரியமில்லை. ஒரகடத்தில் எங்கள் ஒயர் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் அவர் ஸ்டிக்கர் அண்ணன். அது போதும்.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புவது எங்கள் வேலை. அவர் கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே கேமரா கூடாது என்பதால் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அவரிடம் போனை நீட்ட வேண்டும். கேமராக் கண்ணின் மேல் ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தித் திருப்பித் தருவார். குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் இருக்கும். வெளியே வரும்போது ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து அவரே உரிப்பார். வரிசை முடிந்து கடைசிப் போனையும் ஒட்டியான பிறகு, தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்து அதற்கும் ஒன்று ஒட்டுவார். ஒட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் போனைச் சோதிக்க அங்கே ஆளே கிடையாது. நான் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டு, மனுஷனுக்கு மறை கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் பெரிய அதிகாரி ஒருவர் காரிலிருந்து இறங்காமலே உள்ளே போகப் பார்த்தார். இவர் கண்ணாடியைத் தட்டிப் போனைக் கேட்டார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். அந்த போர்டுல உங்க கையெழுத்துதானே கீது."

கேமராவுக்குத் தடை என்று எழுதிய போர்டின் அடியில் நிஜமாகவே அந்த அதிகாரியின் கையெழுத்துதான் இருந்தது. அவர் போனை நீட்டினார். வரிசையில் நின்ற நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இந்த மனிதருக்குத்தான் படம் எடுக்கிற கிறுக்கு. பகலெல்லாம் ஊரார் கேமராக்களை மூடிவிட்டு, லீவு நாளில் தன் ஒரே கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு அலைவார். கேமரா என்றால் அந்தப் போன்தான்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கூண்டைக் காட்டுவார். அதற்குள் ஒரு டிவி, டிவியில் நாலு கட்டம். கேட், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் வாசல், லாரி ரோடு. ஆறு வருஷமாக, தினம் பன்னிரண்டு மணி நேரம், சத்தமில்லாத அந்த நாலு கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஆளு வர்றதுக்கு முன்னாடி வெறும் எடம் மட்டும் கீது பாரு. அப்பறம் ஆளு வரும், போய்டும். மறுபடி வெறும் எடம். இத்தப் பாத்துக்கினே இருந்தா போதும்மா, படம் வந்துடும்."

நடையைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல், யார் வேலையை விடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்று அழுதிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து, படத்தில் நடிக்கிறாயா என்று கேட்க வந்தபோது முதலில் அதைத்தான் சொன்னார்.

"அன்னிக்கி நீ அய்தத டிவில பாத்துட்டம்மா. அத்த மறச்சிக்கினு உன்னைக் கேக்கறது சரியில்ல. மன்னிச்சிக்கோ. இப்பச் சொல்லு, நடிக்கிறியா?"

இப்படிக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஷிஃப்டுக்குப் போகிற பெண் கம்பெனி பஸ்ஸில் தூங்கிவிடுகிறாள். டிரைவர் கவனிக்கவில்லை. பஸ் நிறுத்துகிற மைதானத்தில் விழிக்கிறாள். அங்கிருந்து கம்பெனிக்கு நடக்கிறாள்; நாள் முழுக்க நடக்கிறாள். கடைசியில் கம்பெனிக்குள், ஒயர் கட்டுகிற லைனில் தன் இடத்தில் வந்து நின்று வேலையைத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். படத்துக்கு 'இறங்காதவள்' என்று பெயர்.

முதலில் பஸ்ஸில் தூங்குகிற காட்சி. கேட்காமல் யாரையும் எடுக்க மாட்டார் அல்லவா, விடியற்காலை பஸ் கிளம்பும் முன் நாற்பது பெண்களிடமும் தனித்தனியாகப் போய், "நீ தூங்கறத எடுக்கட்டுமாமா?" என்று கேட்டார். கேட்டதுதான் வினை. வழக்கமாக ஏறி உட்கார்ந்ததும் வாயைப் பிளந்து தூங்குகிற கூட்டம் அன்று தலை வாரி, பவுடர் பூசி, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது. என் அறைத்தோழி செல்வி தூங்குகிற நடிப்பில் குறட்டைகூட விட்டாள். அடுத்த முறையும் இதே கதை. நாலு தடவை போனார். ஐந்தாவது தடவை அவர் கேட்டபோது, "எடுத்துத் தொலைங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நானும் நிஜமாகவே தூங்கிவிட்டேன். படத்தில் இருப்பது அந்தத் தூக்கம்.

பிள்ளைப்பாக்கம் பக்கம், கல் நட்ட மனைகளுக்கு நடுவில் ஒரு ஜேசிபி மண்ணை நிரவிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நான் சிறியதாக நடந்து போக வேண்டும். இவர் போய் டிரைவரிடம் அனுமதி கேட்டார். டிரைவர் மகிழ்ந்துபோய், "இருங்கண்ணே, இதோ வந்துட்றேன்" என்று வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, குளித்து, பட்டை போட்டு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்தார். அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விட்டது. ஆனாலும் எடுத்தோம். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவர் ஜேசிபி ஓட்டுகிற படம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு ஒரு வாரம் காலை ஷிஃப்டு, ஒரு வாரம் மதியம். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. இரண்டும் ஒத்துவந்தால் மழை பெய்யும். மழை இல்லாவிட்டால் எனக்கு ஓவர்டைம் போட்டுவிடுவார்கள். ஒரே நாளில் நடக்கிற கதையை எடுக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. படத்தில் நான் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பிக்கும்போது தண்ணீர் ததும்பும். கரை முடியும்போது ஏரி வெடித்துக் கிடக்கும். ஒரு வயலுக்குள் நாற்றாக நுழைந்து அறுத்த தாளில் வெளியே வருவேன். என் தலைமுடி ஒரு சாண் வளர்ந்து குறையும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், எல்லாம் நடந்ததுதானா என்று இருக்கிறது. புதிதாகப் போட்ட ஆறு வழிச் சாலை, வண்டியே இல்லை, நடுவில் நான். எங்கோ ஒரு தொழிற்சாலைச் சங்கு ஊதும். அவர் தூரத்தில் ஒரு மைல்கல்லின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தானும் அதைப் போலவே அசையாமல் நிற்பார். ஆக்‌ஷன், கட் எல்லாம் கிடையாது. நான் நடந்து கண்ணுக்கு மறைந்த பிறகும் வெறும் சாலையை எடுத்துக்கொண்டிருப்பார். நான் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பேன். சொந்த ஊரை விட்டு அறுநூறு கிலோமீட்டர் வந்தவளுக்கு, வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் நடுவில் ஒரு நாள் கிடைத்ததுபோல் இருக்கும். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் இருந்ததில்லை.

எடுத்ததை எல்லாம் வாலாஜாபாத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அதுவரை நாங்கள் போனின் சின்னத் திரையில்தான் பார்த்திருந்தோம். அவர் பெரிய மானிட்டரில் போட்டார். படம் முழுக்கப் பனி. வெட்ட வெயிலில்கூடப் பனி. பஸ் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், என் முகத்தைச் சுற்றி ஒரு வெளிறல்.

"இன்னா நைனா இது, பாலுக்குள்ள முக்கி எடுத்தியா?" என்றார் ஸ்டுடியோக்காரர். போனை வாங்கித் திருப்பி, லென்ஸை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "கோந்து."

தினம் ஒட்டித் தினம் உரித்த ஸ்டிக்கரின் கோந்து. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து லென்ஸ் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். நாட்டில் எத்தனையோ பேர் கடன் வாங்கி, வீட்டை விட்டு ஓடிப் படம் எடுத்துக் கெட்டிருப்பார்கள். யாரும் கேட்காத ஸ்டிக்கரைத் தானே ஒட்டிக்கொண்டு கெட்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"மறுபடி எடுத்துடு" என்றார் ஸ்டுடியோக்காரர். எடுக்க வழியில்லை. பஸ் டிரைவராக நடித்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். எனக்கும் மூன்று வருஷ ட்ரெய்னி காலம் முடிய இரண்டே மாதம் இருந்தது. முடிந்தால் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எடுக்க வேண்டியது இன்னும் கடைசிக் காட்சி மட்டும். அதுதான் லைனில் நான் வேலையைத் தொடங்குகிற காட்சி.

அந்தக் காட்சி எனக்கு வேண்டும். படத்துக்காக மட்டுமல்ல, என் அம்மாவுக்காக. அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். மூன்று வருஷமாகப் போனில் ஒரே கேள்விதான்: "நீ அங்கன என்னதாம்ட்டி செய்யுத?" ஒயர் வேலை என்றால், "கரண்டுல கைய வச்சிராதட்டி" என்று அழுவாள். அதில் கரண்டு இல்லை, இது வேறு, டேப் சுற்றுகிற வேலை என்று எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறாது. காட்ட ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை. எங்களில் யாரிடமும் இல்லை. ஊரில் கேட்டால், நாங்கள் என்னதான் செய்தோம் என்பதற்கு எங்கள் வாய்தான் சாட்சி.

எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். நீங்கள்தானே செக்யூரிட்டி, ரெண்டு நிமிஷம் உரித்துவிட்டு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கேட்டுக்கொண்டார். பிறகு வெள்ளைத்தாள் வாங்கி, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, ரெண்டு நிமிடம் அனுமதி வேண்டும் என்று ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. மனு போனதும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனை வாங்கி, எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். இருந்த படமும் போயிற்று என்று கேன்டீனில் நான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். கம்பெனிச் சுவர்கூட எதிலும் இல்லை என்று தெரிந்ததும் போனைத் திருப்பித் தந்தார்கள். அனுமதி தரவில்லை. மூன்று நாள் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினேன். நாலாவது நாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"கேக்காம எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்லாண்ணே. ஏண்ணே இப்படிச் செய்தீய?"

அவர் ஸ்டிக்கரை ஒட்டி அழுத்தினார்.

"நானூறு பேரு என்னை நம்பி நீட்றாங்கோ. நான் மட்டும் கயட்டிக்கினு உள்ள போய்ட்டு, மறுநாளு எந்தக் கையாலம்மா ஒட்டுவேன்?"

போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கோபம் போகவில்லை.

என் கடைசி நாள் வந்தது. ஐடி கார்டு, கோட்டு, தொப்பி எல்லாம் கொடுத்துவிட்டு மதியம் ரெண்டரைக்குக் கேட்டுக்கு வந்தால் கூண்டில் வேறொரு செக்யூரிட்டி. அவர்தான் என் போனில் ஸ்டிக்கரை உரித்தார். கடைசி நாள்கூடப் பார்க்க வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டேன். கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கம்பெனி இடம் அதோடு முடிகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம், லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில் அவர் நின்றிருந்தார்.

"கோட்டத் தாண்டி இங்க வாம்மா. உள்ள நீ இன்னா செய்வியோ, அத்த இங்க நின்னு செய்."

"ஒயர் இல்லாமலயா?"

"கைக்குத் தெரியும்ல?"

அவரும் எங்கள் லைனைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் டிவியில் இருந்த நாலு கட்டத்தில் லைன் கிடையாது. ஆறேழு வருஷம் வாசலில் நின்றவருக்கு நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்றே தெரியாது.

நின்றேன். கையைத் தூக்கினால் வெட்கமாக இருந்தது. ஷிஃப்டு முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். லைனில் எனக்கு அடுத்த இடம் செல்வியுடையது. அவள் பஸ்ஸை விட்டுவிட்டுத் தன் பையைக் கீழே வைத்து, என் வலப்பக்கம் வந்து நின்றாள். "நீ கட்டித் தராம நான் என்னத்தடி மாட்டுறது? ஆரம்பி" என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். கோந்தைத் துடைக்க ஸ்டுடியோக்காரர் கொடுத்த மருந்து.

"தொடச்சா இது மட்டும் பளிச்சுனு வரும். மத்ததோட ஒட்டாது, படம் கெட்டுடும்னு அவரு சொல்றாரு. தொடைக்காட்டி உங்கம்மாவுக்கு உன் கை மங்கலாத் தெரியும். நீ சொல்றதுதாம்மா."

பதினாலு மாத உழைப்பு. அதைக் கெடுக்கவா காக்கவா என்று என்னைக் கேட்கிறார்.

"தொடைங்கண்ணே" என்றேன்.

துடைத்தார். நான் இல்லாத ஒயர்களை எடுத்தேன். பன்னிரண்டு ஒயரை இடக்கையில் சேர்த்து, டேப்பை இழுத்து, சுற்றி, திருப்பி, சுற்றி, நுனியை அழுத்தி, செல்வியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. வெட்கம் எப்போது போனதென்று தெரியவில்லை. மூன்றாவது முடிந்ததும் கை தானாக நின்றது. என்னையறியாமல் அழுதுகொண்டிருந்தேன். அவர் அதற்குள் போனைக் கீழே இறக்கியிருந்தார்; அழுததை எடுக்கக் கேட்டிருக்கவில்லை அல்லவா.

சென்னையில் சின்னப் படங்கள் போடுகிற ஒரு சங்கத்தின் போட்டியில் எங்கள் படத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஊரிலிருந்து ரயிலேறி வந்தேன். படம் முடிந்து விளக்கு போட்டார்கள். பிறகு தலைமை தாங்கியவர் எழுந்து, படம் முழுக்கத் தவழ்கிற பனியையும், ஒரே நடையில் பருவங்கள் மாறுவதையும், கடைசியில் பனி விலகி வெறும் கைகள் தெரிவதையும் புகழ்ந்தார். இப்படி ஒரு கனவைச் சமைக்க எவ்வளவு திட்டமிட்டிருக்க வேண்டும் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்தில் அவர் எழுந்திருப்பது தெரிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை.

"பனி இல்ல சார். அது கோந்து. ஏரி வத்தனது ஷிஃப்டு ஒத்துவராம. கையில ஒயர் இல்லாதது பர்மிஷன் குடுக்காததால."

கூட்டம் சிரித்தது. தலைமை தாங்கியவரும் சிரித்தார், கூட்டத்தின் அளவுக்கு இல்லை. பரிசு வேறொரு படத்துக்குப் போயிற்று. திரும்பும் பஸ்ஸில், "வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்லா" என்று தாம்பரம் வரைக்கும் அவரைத் திட்டினேன்.

"அவரு நல்லாக் கீதுன்னு சொன்னாரே, அது நெசம்தானம்மா" என்றார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நாம நெனச்சிச் செஞ்சதுன்னு சொன்னாரு பாரு, அத்த மட்டும் திருப்பிக் குடுத்துட்டேன்."

படத்தின் காப்பியோடு ஊருக்குப் போய் அம்மாவை உட்கார வைத்து டிவியில் போட்டேன். அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய பீடிச் சுளகோடுதான் உட்கார்ந்தாள். ஏரி, வயல், சாலை எல்லாம் போயிற்று. "அங்கன எப்பவும் பனியா இருக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். கடைசிக் காட்சி வந்தது. இலையைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

"இன்னொரு மட்டம் போடு" என்றாள்.

போட்டேன். திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தாள். மூன்றாவது முறையும் போடச் சொன்னாள்.

"ரெண்டாவது சுத்துல பெருவிரல உள்ள கொடுத்து விலக்குதியே, அங்கன கட்டு ரெண்டாப் பிரியுதோ?"

அந்த இடத்தில்தான் கதவுக் கண்ணாடிக்குப் போகிற நாலு ஒயர் தனியாகப் பிரியும். ஆமாம் என்றேன்.

"அதுக்குப் பெறவு இறுக்கிப் பிடிக்க. அந்தால விட்டா அவுந்துரும்." என் பெருவிரலை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "இங்கன காய்ச்சுப் போயிருக்கு. சொல்லவே இல்லையேட்டி." அதற்குப் பிறகு அவள் கரண்டைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதே அவருக்குப் போன் போட்டு, அம்மா படம் பார்த்ததைச் சொன்னேன்.

"ஒயரு தெரிஞ்சிதாமா அவுங்களுக்கு?"

"தெரிஞ்சிட்டுண்ணே. எங்கன பிரியுதுன்னுகூடச் சொல்லிட்டா."

அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சில்லை. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப..." என்றார் மெதுவாக, "உள்ள இன்னா செய்றாங்கோன்னு நாம வெளிய காட்டிட்டமாமா? நாளைக்கி ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்றேன்."

சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருப்பார்.